தொடலாமுங்களா

அனுப்ப மாட்டேன்.

அதற்குமேல் என்ன செய்வேன் என்பது, இதை எழுதத் தொடங்கும்போது எனக்கே தெரியாது, கண்ணு. ஒன்பது நாளாக நீ அனுப்பும் செய்திகளுக்கு நான் பதில் போடவில்லை. முதல் செய்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "ஒரு அடிதானம்மா. அதுக்குப் போய் பேக்கத் தூக்கிட்டு அங்க வந்துட்டா. சொல்லி அனுப்பி வைங்க." உன் மனைவி பிருந்தா இப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்க் கூப்பிட வேண்டும். செவிப்பறை கிழிந்திருக்கிறது. நீ ஒன்று என்று எண்ணியதன் அளவு அது.

"ஒரு அடிதான்" என்ற வார்த்தை உன்னுடையது அல்ல. யாருடையது என்று பிறகு சொல்கிறேன்.

உன் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அவர் கட்டிங் மாஸ்டர். வீரபாண்டிப் பக்கத்துக் கம்பெனிகளில் அவர் கைக்கு மரியாதை இருந்தது. மேஜைமேல் நூறு மடிப்பாக விரித்த பனியன் துணியை நூல் பிசகாமல் வெட்டுவார். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். பீகார் பையன்களிடம்கூட, "பாத்து எடுங்க தம்பி, பிளேடு இருக்குது," என்பார். அதே ஆள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கை கால் கழுவி, பிறகு அடிப்பார். துணி அளக்கும் மீட்டர் ஸ்கேல். இரும்பு. அதன் விளிம்பு பட்டால் தோல் பிளக்கும், தட்டையாகப் பட்டால் கன்றிப் போகும். எங்கே எப்படிப் படவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் தொழிலே அளவு.

நான் என்ன செய்தேன் தெரியுமா. "அடிக்காதீங்க" என்றேன். நம் பக்கத்துப் பேச்சில் அந்த 'ங்க' நாக்கோடு பிறப்பது. அடி விழும்போதும் அது உதிரவில்லை. ஒரு முறை கீழ்ப்பல் உடைந்து வாய் நிறைய ரத்தம். வாசல் குழாயடியில் துப்பிவிட்டு வந்து, "போதுமுங்க" என்றேன். கல்லூரியில் இரண்டு வருடம் இலக்கணம் படித்தவள். மரியாதைப் பன்மை என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது என்ன என்று அன்றுதான் புரிந்தது.

மறுநாள் வேலைக்குப் போவேன். செக்கிங் டேபிள். தைத்து வந்த பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, குறை எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் சிறு சிவப்பு அம்பு ஒட்டுவது என் வேலை. எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஊசி குத்திய ஓட்டை. கறையென்றால் கழுவித் திரும்பி வரும். ஓட்டையென்றால் வராது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். "கதவுல இடிச்சுக்கிட்டனுங்க," என்பேன். அவர்களும் செக்கிங்காரிகள்தான். ஆனால் யாரும் அம்பு ஒட்டவில்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்தவன், அந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ச் சாயத் தண்ணீர் ஓடும் ஓடையில் எறிந்துவிட்டு வந்தாய். வந்து சொன்னாய், பெருமையாக. உன் முழங்கால்வரை ஊதா நிறம். நான் உன்னை என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு இருக்கிறது. காலைப் பிடித்து இழுத்துப் போட்டு அடித்தேன். துடைப்பத்தின் அடிப்பக்கத்தால். அவர் வந்து ஸ்கேலைத் தேடுவார், அதைவிடக் கனமான எதையாவது எடுப்பார் என்ற பயம். பயத்தை உன் தொடையில் அடித்து இறக்கினேன். அன்று அவர் வந்தார், தேடினார், கிடைக்கவில்லை. கையாலேயே அடித்தார். நீ கதவருகில் நின்று பார்த்தாய். அவர் போனபிறகு வந்து, "வலிக்குதாம்மா?" என்றாய்.

நான் சொன்னேன்: "ஒரு அடிதான கண்ணு."

அந்த வார்த்தையை உனக்குக் கொடுத்தது நான். இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய்.

இனி, உனக்குத் தெரியாதது. அப்பாவுக்கு நாக்கில் புண் வந்ததும், பாக்கை விடாததும், கேன்சர் ஆஸ்பத்திரியில் பாதி நாக்கையும் தாடையில் ஒரு பக்கத்தையும் எடுத்ததும் நீ அறிவாய். சனி ஞாயிறு வந்துபோவாய். மற்ற நாட்களில் நான்தான். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. மூக்கில் கஞ்சிக்கு ஒரு குழாய். பேச்சு கிடையாது. ஒரு சிலேட்டும் குச்சியும் கொடுத்திருந்தார்கள். தண்ணி, வலி, ஒண்ணுக்கு என்று எழுதுவார். 'ங்க' எல்லாம் இல்லை. பேச்சு போனபிறகும் கை போகவில்லை. கஞ்சி சூடு ஆறிவிட்டது என்று சிலேட்டின் மரச்சட்டத்தால் என் மணிக்கட்டில் அடித்தார். பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டாவது நாள் காலை. கஞ்சி டம்ளரை என் மார்பில் வீசினார். நான் அதைத் துடைக்கவில்லை. கையை ஓங்கி அறைந்தேன். தையல் போட்ட கன்னத்தில். தெரிந்தே அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். தையல் மூன்று இடத்தில் பிரிந்தது. ரத்தம் கழுத்துத் துளையை நோக்கி இறங்கியது. மூச்சில் கொப்பளித்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து எண்ணும் நேரம் இருக்கும். அந்தப் பத்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நர்ஸ் ஓடி வந்தாள். உறிஞ்சும் குழாயைப் போட்டாள். "எப்படிங்கக்கா ஆச்சு?" என்றாள்.

"கட்டில் கம்பில இடிச்சுக்கிட்டாருங்க."

வாய் தானாகச் சொன்னது. பழகிய பொய். ஆள் மட்டும் மாறியிருந்தது. அவள் நம்பவில்லைபோல. சிலேட்டை அவர் கையில் கொடுத்து, "நீங்க எழுதுங்க மாமா, என்னாச்சு?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். குச்சியை எடுத்தார். எழுதினார்: கட்டில்.

அன்று நீ மதியம் வந்தாய். புதுத் தையல் போட்டிருந்தார்கள். "என்னப்பா இது?" என்று கேட்டாய். அவர் சிலேட்டைத் திருப்பி உனக்கும் அதே சொல்லைக் காட்டினார். அதற்குப் பிறகு, குழாயில் கஞ்சி ஊற்ற நான் கையைத் தூக்கும்போதெல்லாம் அவர் கண்களை இறுக்கி மூடி முகத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வார். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். இருபத்தாறு வருடம் கண்ணாடியில் பார்த்தது. ஐந்து வாரம் அந்த முகத்துக்குக் கஞ்சி ஊற்றினேன். பிறகு இறந்துபோனார்.

காரியம் முடிந்து, மிஞ்சிய பஞ்சையும் கட்டுத்துணியையும் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே தொண்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா டீச்சர் வாங்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வியாழக்கிழமை என்ன பண்ணுவீங்க என்று கேட்டார். கரண்ட் சிக்கனத்துக்கு எங்கள் கம்பெனியில் வியாழன் வார லீவு. ஒன்றுமில்லை என்றேன். "அப்ப வாங்க," என்றார். உறவினர்கள் என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். புருஷன் நினைவாகச் சேவை செய்கிறாள் என்றார்கள். நான் மறுக்கவில்லை. உண்மை இதுதான்: அந்தக் கட்டிலுக்கு என்னை மறுபடி யாராவது அனுப்ப வேண்டும் போலிருந்தது. இந்த முறை கையை என்ன செய்வேன் என்று பார்க்க வேண்டியிருந்தது.

முதல் நாள் கேண்டீனுக்குப் பின்னால் ஒரு அறையில் எட்டுப் பேரை உட்காரவைத்துப் பேசினார் டீச்சர். நீலக் கோட்டு கொடுத்தார். எனக்கு அது தொளதொளவென்று இருந்தது. பிறகு சொன்னார்: "யாரைத் தொடறதுக்கு முன்னாலயும் கேக்கோணும். தொடலாமுங்களான்னு. அவங்க சொல்ற வரைக்கும் உங்க கை உங்க மடியில இருக்கோணும்."

முதலிபாளையத்திலிருந்து வந்திருந்த ஒருவர் சிரித்தார். "பல்லு விளக்கி உடறதுக்குமா கேக்கோணும் டீச்சர்?"

"உங்க பல்லுன்னா வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தொடலாமுங்களா. 'ங்க' என்ற அந்த இரண்டு எழுத்தை நான் அடிவாங்கத்தான் பயன்படுத்தியிருந்தேன். கேட்பதற்கும் அதே எழுத்துதான் என்று நாற்பத்தேழு வயதில் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஜோதிமணியை அங்கேதான் பார்த்தேன். சாமளாபுரத்தில் வீட்டிலேயே தறி. முப்பத்தைந்து வயது இருக்கும். இடது மார்பை எடுத்துவிட்டிருந்தார்கள். புற்றுக்குக் கதிர்வீச்சு வைக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். கருகிய தோலில் தையல் உறுத்தும், பட்டன் உறுத்தும். நான் கம்பெனியில் கேட்டு மிச்சத் துணி வாங்கி, முன்பக்கம் நாடா வைத்து, தையல் வெளிப்பக்கம் வருகிறமாதிரி சட்டை தைத்துக் கொண்டுபோவேன். முதல் சட்டையைப் போட்டுவிடப் போனபோது கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரே கேக்கறதில்லீங்கக்கா. கேட்டா, வேண்டாம்னும் சொல்லலாமுங்களா?"

"சொல்லலாமுங்க."

"அப்ப வேண்டாமுங்க."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சும்மா சொல்லிப் பாத்தனுங்க, எப்படி இருக்குதுன்னு. நல்லாத்தான் இருக்குது. இப்பத் தொடுங்க."

பிறகு ஒவ்வொரு வியாழனும் அதுதான் எங்கள் விளையாட்டு. தொடலாமுங்களா. வேண்டாமுங்க. சரிங்க. தொடுங்க.

நான்காம் வியாழன் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். மார்பில் கதிர் வைப்பதற்கு மை போட்டு வரைந்திருந்த கோடுகள், கட்டம், சிறு கூட்டல் குறி. அதற்கு வெளியே, அக்குளுக்குக் கீழே, வேறு குறிகள். நான்கு விரல். எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல். நீலம் பச்சையாக மாறிக்கொண்டிருந்தது, ஐந்து நாள் ஆகியிருக்கும். கன்றலின் வயதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்.

"தறியில இடிச்சுக்கிட்டனுங்க," என்றாள், நான் கேட்காமலே.

"பாத்து இருங்க," என்றேன். நாடாவைக் கட்டினேன்.

அன்று அவள் கணவர் அழைத்துப்போக வந்தார். பவ்வியமானவர். "ஏனுங்கக்கா, இன்னும் எத்தனை நாளைக்குங்க? ஊட்டுல தறி நிக்குதுங்க," என்றார் என்னிடம். இருபத்தைந்து முறை வைக்க வேண்டிய கதிரில் பதினாலு முடிந்திருக்கிறது, மிச்சத்தை விட்டுவிடக் கூடாது என்றேன். ஆமாங்க, சரிங்க என்றார். தாழ்வாரத்தில் திரும்பியதும் அவள் கையைப் பிடித்தார். கை கோத்த மாதிரிதான் தெரிந்தது. விரல்களைப் பின்பக்கமாக வளைத்தார். நடு விரல் எதுவரை வளையுமோ அதையும் தாண்டி. அவள் முழங்கால் மடங்கியது. "விடுங்க, விடுங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். ஒரு சத்தம் கேட்டது. சுள்ளி ஒடிகிற சத்தம். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பதைத் தொடர்ந்தேன். குடும்ப விஷயத்தில் தொண்டர் தலையிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு விதியை ஸ்டெல்லா டீச்சர் சொல்லவே இல்லை. எதைப் பார்த்தாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார். அவர் அறை பத்தடி தூரம்.

அடுத்த வியாழன் ஜோதிமணி வரவில்லை. போன் செய்தேன். கணவர்தான் எடுத்தார். "அவளுக்கு இப்ப நல்லாயிருச்சுங்க. கோயிலுக்கு நேந்திருக்கறமுங்க. சிரமம் எடுத்துக் கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க." அவ்வளவு மரியாதை. அப்போதுதான் டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு தேடி ஆள் அனுப்பினார். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்துத் தறிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அவள் அம்மா அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். மார்பை எடுத்த இடத்தில் புண் வெடித்திருந்தது. வராந்தாவுக்கே வாடை வந்தது. நடு விரல் கோணலாகச் சேர்ந்திருந்தது. புண்ணைக் கழுவ நர்ஸோடு நான் போனேன். தொடலாமுங்களா என்றேன். அவள் வேண்டாமுங்க என்று சொல்வாள், பிறகு சிரிப்பாள் என்று காத்திருந்தேன். கை மடியில்.

"அன்னிக்கு நீங்க பாத்தீங்கக்கா," என்றாள்.

"ஆமாங்க."

"நீங்க பாத்தீங்கன்னுதான் நான் கத்தல. பாத்தவங்க வருவாங்கன்னு இருந்தனுங்க."

தொடுங்க என்று அவள் சொல்லவில்லை. நான் தொடவில்லை. நர்ஸ் கழுவினாள். அடுத்த வியாழன் அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார்.

உன் அப்பாவை அறைந்ததைவிட இதுதான் என்னை அடிக்கிறது. அது என் கை செய்தது. இது நான் கையைக் கட்டிக்கொண்டிருந்து செய்தது.

பிருந்தா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால், படியில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். "உள்ள வரலாமுங்களாத்தை?" என்றாள். வா கண்ணு என்றேன். பேசும்போதெல்லாம் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். நான் இடது பக்கம் போய்த் தட்டை வைத்தேன், அவள் கவனிக்கவில்லை. காது மடலுக்குப் பின்னால் விரல் பதிந்திருந்தது. உன் கை எனக்குத் தெரியும். சுண்டுவிரல் கொஞ்சம் விலகி நிற்கும், உன் அப்பாவுக்கு நின்றதுபோல. அதுவும் பதிந்திருந்தது.

அவளை நான் கண்ணு என்றுதான் கூப்பிடுவேன், நீ வா போ என்றுதான் பேசுவேன். அன்று வாயில் வேறு வந்தது. "காதைத் தொடலாமுங்களா?" என்றேன்.

"வேண்டாங்கத்தை."

கையை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் அவளாக வந்து தலையைச் சாய்த்துக் காட்டினாள். டாக்டரிடம் போனோம். தானாகக்கூட மூடிக்கொள்ளும், பார்க்கலாம் என்றார். எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். கதவு, கட்டில், தறி, எல்லாம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அவள், "எங்க வீட்டுக்காரர் அடிச்சாருங்க டாக்டர்," என்றாள். எவ்வளவு சின்ன வாக்கியம். இருபத்தாறு வருடம் என்னால் சொல்ல முடியாதது.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது சொன்னாள், அது ஒரு அடி இல்லையாம். தீபாவளிக்கு முன்பே தொடங்கிவிட்டதாம். நீ முதலில் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவாயாம். எனக்கு எதிரே பஸ் வந்தது தெரியவில்லை. அவள்தான் இழுத்து நிறுத்தினாள்.

அவள் ஒரு புகார் எழுதிவைத்திருக்கிறாள். எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்ப்பவள், நறுக்கென்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறாள். என்னைக் கேட்டது ஒன்றுதான். "சாட்சிக்கு வருவீங்களாத்தை? வரமாட்டேன்னாலும் பரவால்லீங்க. நான் போவேன்." யோசிக்க வேண்டும் என்றேன். ஆறு நாளாக யோசிக்கிறேன். மாடிப்படியில் அவள் காலடி கேட்கும்போதெல்லாம் நான் துணி மடிக்கிறேன்.

உன்னை வியாழக்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நீலக் கோட்டைப் போட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, கேட்கச் சொல்லிக்கொடுக்கலாம் என்று. பிறகு வேண்டாம் என்று விட்டேன். அங்கே படுத்திருப்பவர்கள் நீ திருந்துவதற்காகப் படுத்திருக்கவில்லை. என் கைக்குப் பரீட்சை வைக்கவும் அவர்கள் படுத்திருக்கவில்லை. அதை நான் ஜோதிமணியைச் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

உன்னை நான் வெறுக்கவில்லை. ஊதா முழங்காலோடு வந்து நின்றவனை எனக்குத் தெரியும். அன்று உன்னை அடித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். நீ எறிந்தது சரியான பொருள். நான் அடித்தது தவறான ஆளை. ஆனால் அதைச் சொல்லி நீ தப்பிக்க முடியாது. அடிபட்ட எல்லாப் பிள்ளையும் டி.வி. சத்தத்தைக் கூட்டுவதில்லை. நீ பிருந்தாவைப் பார்க்க வரலாம். படியில் நிற்க வேண்டும். கையைக் கீழே வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் சரிங்க என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அது விளையாட்டாக இருக்காது.

இதுவரை நேற்று எழுதியது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை பிருந்தாவோடு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். அவள் புகாரைக் கொடுத்தாள். எழுதுகிற பெண் போலீஸ் என் பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு தலை நிமிராமல், "எதிரிக்கு நீங்க என்ன ஆகோணும்?" என்றாள். எதிரின்னா யாருங்க என்று கேட்டேன். அடித்தவரை அவர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம்.

"அம்மாங்க," என்றேன்.

எதிரியின் தாயார் என்று எழுதினாள். படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். இன்று வியாழன். அங்கிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், கோட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டெல்லா டீச்சர் சொன்ன கட்டிலுக்குப் போனேன்.